வெளியே நின்ற சில்லுகள்

பிரகலாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. முகத்தைப் பார்த்தால் அறுபதுக்கு மேல் சொல்லலாம். சல்லி என்கிற மீனவ ஊரின் கரையில் கிடக்கும் வள்ளங்களை ட்ரெயிலரில் ஏற்றி, தன் கெப் வாகனத்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய், வாடைக் காற்று எழும்புவதற்கு முன் கிண்ணியாப் பக்கத்து உள்குடாவில் சேர்ப்பதுதான் பதினாறு வருடமாக அவருடைய பிழைப்பு. அவருடைய மனைவி பிரசாந்தி என் தங்கச்சியின் மகள். ஆகையால் அந்தக் கெப்பின் வருத்தங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் போனதில்லை.

சல்லி மணலில் நிம்மதியாக ஓடுவது கரைவலைக்காரர் தம்பிராசாவின் ட்ரக்டர் ஒன்றுதான். கரைவலைக் கயிறு இழுத்து இழுத்து, மணலில் அது இரண்டு ஆழமான தடம் போட்டிருந்தது. பிரகலாதனின் கெப் அந்தத் தடத்தைவிட ஒடுக்கம். ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றது மேட்டில் நிற்கும். பிறகு வயிறுவரை புதையும். தம்பிராசா வந்து இழுத்துவிடுவார். இழுப்பதற்கு முன் கட்டாயம் ஒரு கதை கதைப்பார்.

“என்ன பிரகலாதன், வள்ளத்தை எடுக்க வந்தனீரோ, வள்ளத்தோட கிடக்க வந்தனீரோ?”

பதினான்கு வருடம் இதைக் கேட்ட மனிதர், போன வருடத்துக்கு முந்தின வருடம் டவுனில் அகலமான றிம் நான்கு வாங்கிப் பூட்டினார். சில்லுகள் பழையபடி உள்ளே அடங்காமல் நான்கு விரல் வெளியே நின்றன. ஒவ்வொரு மட்காட்டுக்கு வெளியிலும் இரண்டு கோழி குந்தலாம் என்று நான் சொன்னேன். பிரசாந்தி ஒன்று என்கிறாள், அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் அவர் கணக்குப் பிழைக்கவில்லை. சில்லுகள் ட்ரக்டர் தடத்துக்குள் அச்சொட்டாக இறங்கின. கெப் மணலில் தண்டவாளத்தில் ஏறிய ரயில் மாதிரி ஓடியது. தம்பிராசாவின் கதையும் நின்றது.

கரை கடந்து தார் றோட்டுக்கு வந்தபோதுதான் வினை. முதல் வருடம் தாங்கிய பின்சில்லுப் பெயாரிங் ஒன்று இந்த வருடம் ஆடியில் போனது. பிறகு ஆவணியில். பிறகு புரட்டாதியில். ஒவ்வொரு தடவையும் பிரகலாதன் சாமான் தரமில்லை என்றார்.

இந்த ஐப்பசியில் கரையில் இன்னும் நான்கு வள்ளங்கள் மிச்சம். அதில் ஒன்றை இழுத்துப் போனபோது, கிண்ணியாவில் என்னோடு படிப்பித்த நஜ்முன் நிஸாவைப் பார்க்கவென்று நானும் முன் இருக்கையில் இருந்தேன். சீனன்குடாவைத் தாண்டியதும் பின்னால் குளவிக்கூடு கலைந்தது போல ஓர் இரைச்சல். பிறகு கிறீஸ் எரியும் மணம். அவர் ஓரங்கட்டினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“மாமி, எனக்கு இறங்கிப் பாக்க ஏலாது.”

நான்தான் இறங்கிப் பார்த்தேன். பின்சில்லு சரிந்து நின்றது.

பிரகலாதன் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கராஜ்காரர் கலீலுர் றஹ்மான் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். சில்லைக் கழற்றினார். பிறகு கெப்பில் கிடந்த தண்ணீர்க் கானைத் தூக்கிப் பிரகலாதனிடம் கொடுத்தார்.

“நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க தம்பி. பாரமா?”

“இல்லை நானா.”

“இப்ப கையை நீட்டிப் பிடிங்க.”

பிரகலாதனின் கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

“கான் அதேதான். தோள்தானே நோகுது? சில்லு வெளியில நிண்டா பெயாரிங்குக்கும் இதுதான். அதுக்கு மேல வள்ளத்துட மூக்குப் பாரம் கொக்கியில குந்தி, நேர பின் அச்சுல இறங்குது. மூணு தரம் சொன்னன், கேட்டீங்களா?”

“மணலுக்க நல்லா ஓடுது, நானா.”

“மணல்ல ஓடுறது நானூறு அடி. றோட்டுல இருபத்தஞ்சு கிலோமீட்டர். அச்சு முறிஞ்சு கிண்ணியாப் பாலத்துல சில்லு கழண்டா, வள்ளம் ஆருட தலையில விழும்? இந்த ஒண்டைப் போட்டுத் தாறன், வள்ளத்தை இறக்கிட்டு வீட்டுக்குப் போய்ச் சேருங்க. இனி இந்த றிம்முக்கு என்ட கையால பெயாரிங் போடமாட்டன்.”

ஆக, பழைய றிம் போட்டால் மணலுக்குள் போக ஏலாது. புதியது போட்டால் றோட்டில் போக ஏலாது. கரையில் மூன்று வள்ளங்கள். வாடை வந்தால் அலை அடித்துப் பிளந்துவிடும். பிறகு யாரும் அவரைக் கூப்பிடப்போவதில்லை.

மறுநாள் காலை பழைய றிம்மைப் பூட்டிக்கொண்டு சல்லிக்குப் போனார். தார் முடிகிற இடத்தில் கெப்பை நிறுத்திவிட்டு மணலில் நடந்தார். தம்பிராசா ட்ரக்டரில் ஏறி இருந்தார்.

“உம்மட அகலச் சில்லு எங்க?”

“கழட்டிப் போட்டன் அண்ணை.”

“ஏன்?”

“பின் அச்சுக்கு ஏலாதாம்.”

“உமக்கு?”

“எனக்கும் ஏலாது.” தார் முடிகிற பக்கம் கையைக் காட்டினார். “வள்ளங்களைத் தார் வரைக்கும் நீங்கள் இழுத்துத் தாங்கோ. அங்கயிருந்து நான் கொண்டுபோறன். கூலியில பாதி உங்களுக்கு.”

தம்பிராசா சிரிப்பார் என்று கரையில் நின்ற எல்லோரும் காத்திருந்தார்களாம். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, பிரகலாதன். ட்ரெயிலரைக் காட்டும்.”

இரண்டு நாளில் மூன்று வள்ளங்களும் போயின. கடைசி வள்ளத்தை உள்குடாவில் இறக்கியபோது வாடை தொடங்கி, மழை சரிந்து அடித்தது. பிரகலாதன் நனைந்தபடியே குனிந்து, பின்சில்லின் நடுவில், பெயாரிங் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு போனை எடுத்து, “சேத்துப்போட்டன் அண்ணை,” என்றார்.

“ஓம், போய்ப் படும்,” என்றார் தம்பிராசா.