மரப்பக்கம் அடி, பிள்ளை!

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆக்லாந்துக்கு வந்து மனுரேவாவில் கிடங்கில் பெட்டி தூக்கி, அந்தக் கையாலேயே சான்ட்ரிங்ஹாமில் பலசரக்குக் கடை போட்டேன். பிளாக்ஹவுஸ் பேயில் வீடும் கட்டினேன். பேத்தி ஆரணி விளையாடிய கல்லூரி உதைபந்து அணிக்கு முதன்முதலில் ரசிகர் கூட்டம் சேர்த்தவனும் நானே.

அந்த இறுதிப் போட்டி பெனால்டி வரை போனது. கடைசி உதை ஆரணியுடையது. தவறினால் கிண்ணம் போய்விடும். கோலுக்கு ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஒரு பெரிய மரம். எதிரணிக் கோல் கீப்பர் ஒவ்வொரு முறையும் வேலிப்பக்கமே பாய்வதை நான் கவனித்திருந்தேன். தமிழில் சொன்னால் இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்று எழும்பி நின்று கத்தினேன்.

"மரப்பக்கம் அடி, பிள்ளை! மரப்பக்கம்!"

ஆரணி அப்படியே அடித்தாள். கீப்பரும் மரப்பக்கமே பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டாள்.

பிறகு அந்தக் கீப்பர் பிள்ளை நேரே என்னிடம் வந்தாள்.

"தாங்ஸ் அங்கிள். நான் மற்றப் பக்கம்தான் பாய இருந்தனான்."

"நீர் தமிழோ?"

"ஓம், அப்பா மன்னார் ஆள்."

ஆரணி இடுப்பில் கைவைத்து, "அம்மப்பா, ஹூஸ் சைட் ஆர் யூ ஆன்?" என்றாள். கேட்டவளே சிரித்தும் விட்டாள்.

எதிரணியிலும் எங்கள் பிள்ளை ஒருத்தி நிற்பாள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. இப்போது அவள் ஆக்லாந்தின் தொழில்முறை அணியில் கீப்பர். ஒரு ஆட்டம் விடாமல் போய்த் தொண்டை கட்டக் கத்துகிறேன். அந்தத் தடுப்பைப் பார்த்துத்தான் அவளை எடுத்தார்களாம். பேட்டிகளில் பயிற்சியாளருக்கு நன்றி சொல்கிறாள். சொல்லட்டும். ஆனால் அந்தத் தடுப்பில் பாதி என்னுடையது. உங்கள் பத்திரிகையில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.