உறைந்து நின்ற கைகள்

2008-ம் வருடம் என்று நினைவு. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. நான் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவள் கணவரும் அப்படித்தான். காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்து, கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் சிங்கப்பூரில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போக, மாசமாக இருந்த தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போனில் பேச முடியாதவர்களுக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துச் சைகையில் பேசுவதுதான் வழி. அதற்காகவே பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் கேமராவும் வாங்கினேன். ஆனால் எங்கள் ஊரில் டெலிபோன் லைன் வழியாக வரும் இன்டர்நெட்தான். நேரம் ஆக ஆக பில் ஏறும், படமோ விட்டு விட்டுத்தான் நகரும். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், சிவகாசியில் பிராட்பேண்ட் மாதம் ஒரே கட்டணத்தில் நாள் முழுக்க ஓடியது. லைன்மேனிடம் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல இருந்து அம்புட்டு தூரம் இளுக்காதுக்கா. உங்க ஊருக்கு இப்போதைக்கு வராது" என்றார்.

ஒரு நாள் தங்கையும் கணவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைகள் திரையில் அப்படியே உறைந்து நின்றன. லைன் அறுந்தது. தங்கை எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள். அவர் கடைசியாகக் காட்டியது 'வரமாட்டேன்' என்பதாம். பிரசவத்துக்கு வரமாட்டார் என்று முடிவே கட்டிவிட்டாள். 'வருகிறேன்' என்று அவர் அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டியும் நம்பவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று சைகை காட்டினாள். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏழாம் மாதம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சிவகாசியில் காகித வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருவர், தன் மாமியாருக்குக் கட்டு மாற்ற எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவ்வளவுதான் பழக்கம். "என்ன சிஸ்டர், மொகமே சரியில்லையே?" என்று கேட்டார். எப்படியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எங்க வீட்டுல வெளிநாட்டு ஆர்டருக்குன்னு பிராட்பேண்ட் லைன் போட்டிருக்கோம். ஞாயித்துக்கிளம சும்மாதான் கெடக்கு. தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனோம். அவர் கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். "கைல வெளிச்சம் விளணும்ல" என்றார். அது எனக்குக்கூடத் தோன்றியதில்லை.

திரையில் மாப்பிள்ளை வந்தார். இந்த முறை படம் நிற்கவில்லை. இரண்டு பேர் கைகளும் பறக்க ஆரம்பித்தன. சோறு, தூக்கம், வலி என்று நாங்கள் வீட்டில் காட்டும் நாலு சைகைகள்தான் எனக்குத் தெரியும். இது வேறு. விரல், புருவம், தோள் எல்லாம் பேசின. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே புகுந்தார்கள், கோபித்தார்கள், கிண்டல் செய்தார்கள். அறையில் மின்விசிறிச் சத்தமும் அவள் வளையல் சத்தமும் மட்டும்தான். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. என் தங்கை அதிகம் பேசாதவள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் இப்படி ஒரு வாயாடி என்று அன்றுதான் பார்த்தேன்.

வாசல்படியில் நின்ற அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "என்ன பேசுறாகன்னு ஒண்ணும் வெளங்கல. ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

கடைசியில் தங்கை என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி நிதானமாக விளக்கினாள். ஈஸ்டருக்கு வரமாட்டேன், அந்த லீவையும் சேர்த்துப் பிரசவத்துக்கு வருகிறேன் என்றுதான் அன்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் லைனில் முன்பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

அன்று அவள் அந்த வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இனி வாராவாரம் வந்துருங்க, என்ன" என்று அனுப்பி வைத்தார் அந்த அம்மா. அப்படியே போனோம். சொன்னபடி மாப்பிள்ளை வந்தார். மகள் பிறந்தபோது பிரசவ அறை வாசலிலேயே நின்றார்.

கூடப் பிறந்தவளின் முழுப் பேச்சைப் பார்க்க எனக்கு இன்னொருவர் வீட்டு இன்டர்நெட் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஒரு கம்பி எட்டாத ஊர்களில் இன்னும் எத்தனை பேருடைய பேச்சைப் பார்க்காமலே இருக்கிறோமோ.