ஏழாவது போல்ட்

கனகராஜின் வலது கை விரல்கள் மரத்துப்போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. இனிப்புநீர் நோய் நரம்பைக் கெடுத்துவிட்டதாக அரசாங்கக் கிளினிக்கில் சொன்னார்கள். மனைவி விமலாவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் அவருடைய உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, "சட்டி சுட்டது தெரியலையா உங்களுக்கு?" என்றாள். தெரியவில்லை.

மலேசியாவில் பீடோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டபோது பத்தொன்பது வயது. ஈப்போவுக்கு வந்து சிலிபின் பகுதியில் கார்த்திகேசுவின் வர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். முப்பத்து மூன்று வருடங்களாக எஞ்சின் தவிர வேறு வேலை தெரியாது. அங்கே கார்களுக்குச் சாயம் அடித்த இராமசாமிக்குக் கண் மங்கியபோது கார்த்திகேசு கைகுலுக்கி, நல்லவிதமாகவே வேலையிலிருந்து அனுப்பிவைத்தார். இராமசாமி இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நிற்கிறார். கனகராஜ் விரல்களைப் பற்றி வர்க்‌ஷாப்பில் வாய் திறக்கவில்லை.

அன்று ஒரு சின்னக் காரின் எஞ்சின் திறந்து கிடந்தது. எஞ்சினின் மேலே சுழலும் கேம்ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் போல்ட்கள் பத்து. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். போல்ட் ஏறும் மரை அலுமினியம். கொஞ்சம் மிஞ்சினால் உரிந்துவிடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை அந்த அளவில் வைத்துக்கொண்டால், எட்டியதும் 'டிக்' என்று கைக்குள் ஒரு சிறு துடிப்பு. இறுக்கியவர் போல்ட்டின் தலையில் தன் நிறத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கனகராஜுக்கு வெள்ளை. கூட வேலை செய்யும் பழனியப்பனுக்கு மஞ்சள்.

பழனியப்பன் ஆறை முடித்தபோது கைப்பேசி அடித்தது. கோப்பெங்கில் ஒரு லோரி நின்றுவிட்டது.

"அண்ணே, மீதிய நீங்க பாருங்க. நான் போய் அந்தக் கெழவன எழுப்பிட்டு வாரேன்."

"லோரியவா, டிரைவரயா?"

"ரெண்டுக்கும் ஒரே வயசுலா!"

ஏழாவதில் கனகராஜ் ரெஞ்சை மாட்டினார். பக்கத்துக் கடையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். டிக் காதில் விழவில்லை. கைக்கும் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். போல்ட் சட்டென்று இளகி, பிடிப்பே இல்லாமல் சுற்றியது.

நிமிர்ந்து பார்த்தார். யாரும் இல்லை. மஞ்சள் பேனா பழனியப்பன் வைத்துவிட்டுப் போன இடத்தில் இருந்தது. மூடியைப் பல்லால் கழற்றினார்.

மீதி மூன்றையும் இரும்புச் சத்தம் ஓயக் காத்திருந்து, காதை ரெஞ்சோடு ஒட்டிவைத்து இறுக்கினார். வெள்ளைப் புள்ளிகள் வைத்தார்.

மதியம் பழனியப்பன் திரும்பியபோது கார்த்திகேசு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏழாவதில் நின்றார்.

"பழனி, இது போல்ட்டா, பம்பரமா?"

பழனியப்பன் குனிந்து பார்த்தார். "நான் ஆறுதான் போட்டேன்னு நெனச்சேன், பாஸ்."

"அப்ப ஏழாவது மஞ்சள பேய் வச்சுச்சா?"

பழனியப்பன் கனகராஜைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, உதவி கேட்டு.

"அண்ணே, போன் வந்தப்ப நான் எத்தனையில இருந்தேன்?"

கனகராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் எட்டுலேருந்துதான் தொட்டேன்."

"அப்ப நான்தான், பாஸ். போன் பேசிக்கிட்டே முறுக்கியிருப்பேன். சாரி, பாஸ்."

கார்த்திகேசு சத்தம் போடவில்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, புது மரை போட அனுப்பச் சொன்னார். பிறகு டார்க் ரெஞ்சைப் பெட்டியோடு தூக்கி வந்து கனகராஜின் மேசையில் வைத்தார்.

"இனிமே இதப் பழனி தொட வேணாம். வர்ற எஞ்சின் எல்லாத்தையும் நீயே இறுக்கு, கனகு. உன் கைய நம்பலாம்."

"சரி, பாஸ்."

மறுநாள் காலை மூன்று எஞ்சின்கள் காத்திருந்தன. பழனியப்பன் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் காருக்குச் சொந்தக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"எப்ப முடியும், அண்ணே? பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு தைப்பிங் போகணும்."

"சாயங்காலம் ஆயிடும்மா," என்றார் கனகராஜ். முதல் போல்ட்டில் ரெஞ்சை மாட்டினார்.