கமால் பாய் வாங்கிக்கொண்ட திட்டுகள்

கைபேசியில் கமால் பாய் பெயரைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் கத்தினேன். "எங்க பாய் இருக்கீங்க? கல்லங்குறிச்சி வீட்டுல பாத்ரூம் சுவரு வெட்டணும், ஆளுங்க சும்மா நிக்கிறாங்க." அந்தப் பக்கம் அவருடைய மகன், "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" என்றான். போனை வைத்துவிட்டு மணல் குவியல்மேல் உட்கார்ந்து அழுதேன். அவரை நான் கடைசியாகத் திட்டியது அவர் காதில் விழாமலே போயிற்று.

பழைய வீடுகளை இடித்து மாற்றிக் கட்டித் தரும் சின்ன ஒப்பந்தக்காரி நான். வயரிங் எல்லாம் பாய்தான். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீட்டை மாற்றிக் கட்டியவர்களே, உங்களில் பாதிப் பேராவது அவரைத் திட்டியிருப்பீர்கள். காரணமும் உங்களுக்குத் தெரியும். சுவர் வெட்டும் வேலை என்றால் மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கடைசி ஆள் கை கழுவுகிற வரை திருப்பி மாட்ட மாட்டார். மிக்ஸி ஓடாது, டி.வி. ஓடாது, மோட்டார் ஓடாது. குடியிருக்கிற வீட்டில் வேலை நடந்தால் அந்தப் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

சிறுவாச்சூரில் ஒரு கல்யாண வீடு. பழைய சுவரை உளியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து, ஈரக் கற்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள் என் சித்தாள் செல்வி. அன்று வெள்ளிக்கிழமை. பாய் கட்டையோடு ஜும்மாவுக்குப் போய்விட்டார்! வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வேர்த்து வழிய, பெண்ணின் அப்பா என்மேல் பாய்ந்தார். "என்னங்க இது அநியாயம்? கரண்டையே பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு!" நான் போன் மேல் போன் போட்டேன். தொழுகையில் இருக்கிறவர் எப்படி எடுப்பார்?

தொப்பிகூடக் கழற்றாமல் வந்து இறங்கினார். பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வெட்டுற வேலை இன்னும் முடியலல்ல?"

"என்கிட்ட குடுத்துட்டுப் போனா என்னவாம்? முழுங்கிடவா போறேன்?"

"வீட்டுக்காரரு கெஞ்சுனா கொஞ்ச நேரம்தானேன்னு போட்டு வுட்டுருவீங்க. நீங்க நல்லவங்கம்மா. எனக்கு அதான் பயம்."

எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஏணியில் நின்று வயர் மாற்றிக்கொண்டிருந்தாராம். கீழே இருந்தவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். "கெட்டவன் இல்லம்மா. மேல நிக்கிறவனுக்கு டீ போடத்தான் போட்டான்." அதற்குப் பிறகு அங்கே பெட்டிக்குப் பூட்டு வந்ததாம், வேலை செய்கிறவன் இடுப்பில்தான் சாவி. "நம்மூரு வூட்டுல பூட்டுக்கு எங்க போறது? சட்டைப் பைதான்." டீ ஆறிப்போனது.

எந்நேரமும் இப்படிக் கனமாகப் பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் கேலிதான். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் உயிரோடு இருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். பாய் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், "மாப்புள்ள எந்த ரூம்ல இருக்காரு?" என்பார். புது ஆட்கள் முழிப்பார்கள். "இன்வெர்ட்டர்தான். சத்தமில்லாம மூலையில உக்காந்திருப்பாரு, கோவம் வந்தா ஆளையே தூக்கி அடிச்சுருவாரு." செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இன்று என் ஆட்கள் எல்லாருமே மாப்பிள்ளையை விசாரித்துவிட்டுத்தான் கூடையை எடுக்கிறார்கள்.

துக்கத்துக்குப் போனபோது பாய் வீட்டு வாசலில் பழைய வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர், அவரால் மாவு புளித்த கதையைச் சொன்னார். இன்னொருத்தர், கிரிக்கெட்டின் கடைசி ஓவர் போன கதை. சிறுவாச்சூர்க்காரரும் வந்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவரால் பிழைத்தேன் என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. அவர் வேலை பார்த்த வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எப்படிச் சொல்வார்கள்?

அடுத்த வாரம் கல்லங்குறிச்சி வேலையைத் திரும்பத் தொடங்கினோம். புது எலக்ட்ரீஷியன் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துக் காட்டிவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். உள்ளே செல்வி ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாள். வீட்டுக்காரர் வந்தார். காலையில் எங்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்த நல்ல மனுஷர். "தொட்டி காலிங்க. சித்த நேரம் மோட்டாரப் போட்டுக்கறேன்." சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியை மெயின் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆளுங்க வெளிய வரட்டுங்க."

"பொம்பளைகிட்ட வேலையக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" அப்புறமும் என்னென்னவோ சொன்னார்.

வேறொரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: நல்லவள் என்ற பெயர் போனாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் இருப்பது.

சாயங்காலம் செல்வி கை கால் கழுவி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்குப் பூரா இங்கயே உக்காந்துட்டீங்க? கால் வலியா?"

"ஆமாண்டி."

"தைலம் போடுங்க. போயிட்டு வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.