அம்மாவின் காதும் என் மலையாளமும்

என் அம்மாவுக்கு வளர்த்த காது. கைக்குழந்தையாக இருந்தபோதே குத்தி, ஓலைச்சுருளைத் திணித்துத் துவாரத்தைப் பெரிதாக்கி, கனத்த தண்டட்டி மாட்டித் தொங்கவிட்ட காது. அவள் காலத்தில் கம்பம் பக்கத்தில் அதுதான் அழகு. எழுபதுகளில் ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டுக்கு மேலே கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் நாங்கள் குடியேறியபோது அந்த அழகு செல்லாக்காசாகிவிட்டது. தண்டட்டியைக் கழற்றியாகிவிட்டது. வெறும் தோல் வளையங்கள் இரண்டு தோளுக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். லயத்துச் சின்னப் பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டு விளையாடுவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தட்டிவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இல்லாமல் இல்லை. அப்பா தண்டட்டியை அழித்து எனக்கு இரண்டு வளையல் செய்தார். மிச்சப் பொன்னில் அவளுக்கு ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மல். செய்து என்ன பிரயோசனம்? அந்தத் துவாரத்தில் கம்மல் எங்கே நிற்கும்? அது பவுடர் டப்பாவுக்குள் துணி சுற்றிக் கிடந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதை எடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பாள். நான் உள்ளே வந்தால் சட்டென்று டப்பாவை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருநாள் காய் எடுப்பில் இருந்தோம். ஏலச்செடியில் காய் அடித்தூரில்தான் இருக்கும். குனிந்து, தலையைச் செடிக்குள் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒடிந்த ஏலத்தட்டை ஒன்று அம்மாவின் காது வளையத்துக்குள் நுழைந்திருக்கிறது. தெரியாமல் தலையைத் தூக்கிவிட்டாள். கத்தக்கூட இல்லை. "ஏண்டி, இங்க கொஞ்சம் வா" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இடது காது இரண்டு வாராகத் தொங்கியது. ரவிக்கையெல்லாம் ரத்தம்.

தோட்டத்து ஜீப்பில் கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயது மலையாளி. அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்கு மலையாளம் வராது. நான் இருக்கிறேனே! மேலே வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது; கடையில் சாமான் வாங்கும் மலையாளம் எனக்கு அத்துபடி. அந்தத் திமிரில் நர்ஸை விலக்கிவிட்டு நானே நடுவில் நின்றுகொண்டேன். தொங்குகிற தோலை வெட்டியெடுத்து, இரண்டு காதையும் மற்றவர்கள் காது மாதிரி சின்னதாகத் தைத்துவிடலாம் என்று அவர் கையாலேயே செய்து காட்டினார். அது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். வலிக்குமா, வடு தெரியுமா, எதையும் கேட்கவில்லை அவள். உடனே தலையை ஆட்டினாள்.

தையல் பிரித்த அன்று நர்ஸ் ஒரு கண்ணாடியை நீட்டினாள். அம்மா முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது வயதில் அவளுக்குப் புது முகம் வந்திருந்தது. எனக்கே அவள் யாரோ போலத் தெரிந்தாள், அத்தனை லட்சணம்.

"கம்மல் போடலாமான்னு கேளுடி" என்றாள், ரகசியம் மாதிரி.

கேட்டேன். டாக்டர், "ஆறு மாசம் கழிஞ்ஞால் குத்தாம்" என்றார்.

என் காதில் விழுந்தது நம்முடைய 'குத்தாம'. மனுஷன் அவசரத்தில் மீதியை விழுங்கிவிட்டார் என்று நினைத்து, 'இருக்கணும்' என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். அவர் அதைச் சொல்லும்போது முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. என் மலையாளத்தை யாரெல்லாம் கேட்கிறார்கள் என்று வரிசையில் நின்றவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு மாசம் ஆனாலும் குத்தக் கூடாதாம்மா" என்றேன்.

அம்மா கண்ணாடியை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். வலி போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் என் கல்யாணம். அந்தச் சிவப்புக்கல் கம்மலை அம்மாவே என் காதில் திருகிவிட்டாள். எனக்குக் குடுத்து வைக்கல, நீயாவது போடு என்றாள். கல்யாண வீட்டில் அப்பாவின் உறவுக்காரி ஒருத்தி, காதை அறுத்துத் தைத்தும் மூளியாகத்தானே நிற்கிறாய் என்று அம்மாவைக் கேலி செய்தாள். அவளோடு நான் சண்டைக்குப் போனேன். மணப்பெண் சண்டைக்குப் போன கல்யாணம் என்று அதை இன்றும் சொல்வார்கள். சண்டை போட்டபோது அம்மாவின் கம்மல் என் காதில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

நாலு வருஷம் போனது. என் மகளுக்குக் காய்ச்சல் வந்து அதே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். குணமானதும், பிள்ளைக்கு எப்போது காது குத்தலாம் என்று நர்ஸிடம் கேட்டேன். அதற்குள் என் மலையாளம் நிஜமாகவே தேறியிருந்தது. புருஷன் வீட்டுக்கு அக்கம்பக்கம் எல்லாம் மலையாளிகள். நர்ஸ் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு, "இனி குத்தாம்" என்றாள்.

குத்தலாம்.

வராம், தராம் என்று நாளுக்கு நூறு தடவை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பாவி, எத்தனை வருஷம்! அம்மாவிடம் உடனே போய்ச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. பயம். வாய் பெரிதாக இருக்கிறவளுக்குத் தைரியமும் இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கம்பத்தில் ஆசாரி கடையில்தான் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில், அதாவது என் தம்பி மடியில், பிள்ளை வீறிட்டு அழுதாள். இதற்கு மேல் மறைக்க என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. என் காதிலிருந்த சிவப்புக்கல் கம்மல் இரண்டையும் கழற்றி, பக்கத்தில் நின்ற அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். வைத்துவிட்டு, அன்றைக்கு டாக்டர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று கொட்டிவிட்டேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரு சிரிச்சுக்கிட்டே சொன்னாருடி. தலைய வேற ஆட்டுனாரு. போடக் கூடாதுன்னு சொல்றவரு எதுக்குச் சிரிக்கணும்னு நான் அன்னைக்கே நெனச்சேன். நீ படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

அம்மா என்னைத் தள்ளிவிட்டு ஆசாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தையல் கோடு மெலிசாகத் தெரிந்தது. ஆசாரி குனிந்து பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் குத்தவா, அந்தப் பக்கமா என்று நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"அவளக் கேக்காதீங்க ஆசாரி," என்றாள் அம்மா. "எங்கிட்டக் கேளுங்க."