ஆனை போட்ட தும்மல்

அம்மாவுக்கு இந்தி வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். பன்மையில் சொல்வது அப்பாவையும், நான்கு வயது நிரம்பாத என்னையும் சேர்த்துத்தான். நம்பாதவள் அம்மா ஒருத்தியே.

நம்பிக்கைக்கு ஆதாரம் ஒரு படப் புத்தகம். அப்பாவுக்கு வடக்கே லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குடியிருப்பு கிடைத்த பிறகே அம்மாவும் நானும் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தோம். தெருப்பிள்ளைகளோடு விளையாடியே நான் இந்தியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவோ காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அப்பா நடைபாதைக் கடையில் எனக்காக அந்தப் புத்தகத்தை வாங்கிவந்தார். பக்கத்துக்கு ஒரு பிராணி, அதன் கீழே சின்னதாக ஒரு பாட்டு. எல்லாம் இந்தியில். வாங்கியவர் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அம்மா என்னை மடியில் இருத்தி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டியபடி, தடங்கலே இல்லாமல் தமிழில் பாடினாள்.

“ஆனை போட்டதாம் பெரிய தும்மல்,
பூனைக்கு வந்ததாம் சின்ன விம்மல்.”

அவளுடைய ஒட்டகத்துக்கு ஊர் முறுக்கின் மேல் ஏக்கம். தவளை குளிரில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றது. மயிலுக்கோ யாரிடம் வழி கேட்பதென்று தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

சவரம் செய்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் இதைக் கேட்டார். தம் மனைவி இந்திப் பாட்டைத் தமிழ்ப் பாட்டாகவே பெயர்த்துவிடுகிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார். மாடிவீட்டு ஆன்ட்டியிடமும் சொன்னார். மறுத்துச் சொல்ல அம்மா வாயெடுப்பதற்குள் பெருமை மாடிப்படி ஏறிவிட்டிருந்தது.

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில், வராமல் வந்த வெயிலுக்குக் குடியிருப்பு முழுவதும் புல்வெளியில் கூடியிருந்தது. பெண்கள் பட்டாணி உரித்தார்கள். அப்பா வேர்க்கடலை உரித்தார். என் புத்தகத்தைக் கண்ட ஆன்ட்டி பிள்ளைகளையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து, அதை அம்மாவிடம் நீட்டினார்.

“என்ன கேக்குதாங்க?” என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து.

“உன்னைப் படிக்கச் சொல்றாங்க. இந்தியிலேயே படிச்சுடேன்.”

அம்மா புத்தகத்துக்குக் கை நீட்டவில்லை. “தொண்டை கட்டியிருக்குங்க” என்றாள். காலையில் என்னை அதட்டிய குரலில் அப்படியொன்றும் கட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி என்று ஆன்ட்டியே படிக்கத் தொடங்கினார். அவர் படித்ததில் யானை சந்தைக்குக் கிளம்பியது, கிலுகிலுப்பை வாங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“கலத், ஆன்ட்டிஜி! தப்பாப் படிக்கிறீங்க! ஆனை தும்மணும்! அம்மா, நீ சரியாப் படி!”

இந்தியில் பாதி, தமிழில் பாதியாக நான் போட்ட கூச்சலில் பட்டாணி உரித்த கைகள் நின்றன. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லை என்பதுபோலப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, தமிழிலேயே ஆரம்பித்தாள். தும்மல் என்ற இடத்தில் தும்மியும் காட்டினாள். பிள்ளைகளுக்குப் பாட்டு புரியவில்லை, தும்மல் புரிந்தது. வட்டம் முழுவதும் தும்மியது. “பிர் ஸே! பிர் ஸே!” என்று மறுபடியும் கேட்டார்கள். தவளை நடுங்கியபோது எல்லோரும் நடுங்கினார்கள். ஒட்டகம் முறுக்கு கடித்தபோது ஒரு சர்தார்ப் பையன் தன் கடலையைப் படத்தின் வாயருகே வைத்தான்.

ஆன்ட்டி மட்டும் அச்சிட்ட வரிகளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை அப்பாவிடம் நீட்டி, “பாய் சாஹப், இதில் தும்மல் எங்கே இருக்கிறது?” என்று இந்தியில் கேட்டார்.

அப்பா முதன்முறையாக அந்தப் பக்கத்தைப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பா நிதானமாக ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“தமிழ் மே ஐஸா ஹி ஹோதா ஹை, பஹன்ஜி” என்றார். தமிழில் அப்படித்தான் வருமாம்.

“அச்சா!” என்றார் ஆன்ட்டி, மிகுந்த மரியாதையுடன்.

அடுத்த வாரமே அப்பா பறவைகளின் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். பின்னர் மீன்கள், பூச்சிகள், மரங்கள். ஒவ்வொன்றும் இந்தியில். ஞாயிறு மாலைகளில் காலணிக்குப் பாலிஷ் போட்டபடி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று முகம் மாறாமல் கேட்பார்.

“தெரியாத மாதிரி கேக்குதீங்க பாருங்க” என்பாள் அம்மா. ஆனாலும் பாடுவாள். மீன்கொத்தி தன் ஊர் ஆற்றை நினைக்கும் இடத்தில் பாலிஷ் போடும் கை சற்று நிற்கும். அம்மாவுக்கு இந்தி தெரியும் என்று என்னைப் போலவே அப்பாவும் இன்னமும் நம்புகிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பிராணிகள் மட்டும் ஏன் இத்தனை தூரம் ஊரைவிட்டு வந்திருந்தன என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்பா இல்லை. அந்தக் குடியிருப்பும் இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு இந்திச் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தை அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மடியில் ஏறினால் மட்டும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறாள்.