வட்டமும் ஒரு காரணம்

நான் மெய்யியல் படிப்பிக்கிறவன். ஒரு பொருளின் வடிவம் தானாக எதையாவது நிகழ்த்துமா, இல்லை அதற்குள் இருக்கும் துணுக்குகள்தான் எல்லாவற்றையும் செய்கின்றனவா என்று எங்கள் துறையில் இப்போது மறுபடியும் சண்டை பிடிக்கிறார்கள். வடிவமும் ஒரு காரணம்தான் என்கிற கட்சி நான். வகுப்பில் அதற்குப் பெரிய பெரிய வாதங்கள் சொல்வேன். மனதுக்குள் வருவது என்னவோ ஒரு கல்யாணச் சாப்பாடு.

வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் தன் வீட்டிலேயே மகள் கல்யாணத்தை வைத்தார். எங்கள் ஆட்களின் விருந்து என்றால் சஹன். ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு, நடுவில் கோழி, சுற்றி ஆறு பேர். ஆள் நிரம்பாமல் மூடியைத் திறக்க மாட்டார்கள். வாப்பாவின் சஹனில் ஓர் இடம் காலியாக இருந்தது. நானும் அதில்தான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பிந்தி வந்து சேர்ந்தார். வேலித் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகியிருந்தது. மற்றச் சஹன்கள் எல்லாம் நிரம்பிவிட்டன.

"வாங்களேன், பசிக்குது" என்று பக்கத்திலிருந்தவர்கள் கூப்பிட, வேறு வழியில்லாமல் வாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தன் பக்கத்துச் சோற்றை மட்டும் கொறித்தார். கோழியைப் பிய்த்துப் பங்கு வைப்பது மூத்தவர் வேலை. வாப்பா பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளினார். தம்பியை மட்டும் விட்டுவிட முடியுமா? நல்ல துண்டாக ஒன்றைத் தள்ளி, "ஆறுது, தின்னுடா" என்றார். சாச்சா தின்றார். கண் கலங்கியதற்கு மிளகாய்மேல் பழி போட்டார்.

அதே சோற்றை ஆளுக்கொரு தட்டில் கொடுத்திருந்தால் இருவரும் ரோசத்தோடு தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பகலை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

போன வருஷம் என் நானாவின், அதாவது அண்ணனின், மகளுக்கு மாத்தளை டவுனில், மண்டபத்தில் கல்யாணம். வாப்பா மௌத்தான பிறகு மிளகுத் தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று மூத்தவரான நானாவுக்கும் எனக்கும் மூண்ட சண்டையில் நாங்கள் பேசுவதில்லை. அழைப்பு வந்தது, போனேன். பஃபே. நீள மேசை, வரிசை, ஆளுக்கொரு தட்டு.

நானா மேசையோரம் நின்றிருந்தார். ரொம்பவும் கிழண்டு போயிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பேசிவிடுவோம் என்று தட்டோடு அவரை நோக்கி நடந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தனக்குப் பின்னாலிருந்த கோழிச் சட்டியைப் பார்த்தார், மரியாதையாக விலகி வழிவிட்டார்.

"எடுங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை டா போட்டே கூப்பிட்டவர்.

நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.